தொடக்க மதிப்பில்லாத மாறியைக் கம்பைலர் பிடிக்கிறதா? சோதித்துப் பார்க்கும் முறை

ஆத்தங்குடிக் கல்லுக்குப் பில் போடும் ஒரு சி மொழி ஃபங்ஷன். கல் 8 அங்குலம் என்றால் ஒரு விலை, 10 என்றால் இன்னொரு விலை, எல்ஸ் கிடையாது, விலை மாறிக்குத் தொடக்க மதிப்பும் கிடையாது. காரைக்குடிக் கடையில் ஒருவர் 12 அங்குலம் கேட்டால், ஸ்டாக் என்னும் நினைவகப் பகுதியில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒரு எண் விலையாகப் பில்லில் ஏறிவிடும். இந்தத் தவறை வேண்டுமென்றே வைத்து ஒரு சிறு கோப்பு எழுதுங்கள்.

அளவையும் இரண்டு விலைகளையும் பாராமீட்டராக வாங்குங்கள், ஃபங்ஷனுக்கு ஸ்டாட்டிக் போடாதீர்கள். எண்ணை நேரடியாக எழுதினால் சோதனை கெட்டுவிடும். ஒரே கிளையில் மட்டும் 45 என்று வைத்தால், மறு வழியிலும் 45 தான் என்று ஜிசிசி கம்பைலர் எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் போகலாம்.

இப்போது எச்சரிக்கைகளை இயக்கும் '-டபிள்யூஆல்' கொடுத்து, முதலில் ஆப்டிமைசேஷன் இல்லாத '-ஓ0', பிறகு ஆப்டிமைசேஷன் உள்ள '-ஓ2' என இரண்டு தடவை கம்பைல் செய்யுங்கள். "மதிப்பில்லாமல் இருக்கலாம்" என்ற எச்சரிக்கையை ஜிசிசி ஆப்டிமைசேஷன் இருந்தால்தான் தரும். '-ஓ0' வைத்த டீபக் பில்டை மட்டும் ஓட்டிவிட்டு எச்சரிக்கை இல்லை என்று நிம்மதி அடைவது பெரிய ஆபத்து. கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் '-ஓ0'விலும் சொல்லிவிடும். அதனால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மாறியின் முகவரியை, உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃபுக்குக் கொடுத்துப் பாருங்கள். மதிப்பில்லாமை பற்றி இரண்டு கம்பைலருமே மௌனமாகிவிடும். உள்ளீடு எண்ணாக இல்லாவிட்டால் மாறி அப்படியே கிடக்கும் என்பது அவற்றுக்குத் தெரியாது. ஸ்கேன்எஃப் திருப்பித் தருவது 1 தானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான், புரோகிராம் ஓடும்போதே நினைவகத்தைச் சோதிக்கும் வால்கிரின்ட் வேண்டும். '-ஜி -ஓ0' கொடுத்துக் கம்பைல் செய்து, மூலத்தைத் தேடும் 'டிராக்-ஆரிஜின்ஸ்' விருப்பத்தோடு ஓட்டுங்கள். மதிப்பை நகலெடுக்கும்போது அது குறை சொல்லாது. ஒரு இஃப் அதை நம்பித் திரும்புவது போன்ற இடங்களில்தான் சொல்லும். புகார் பிரின்ட்எஃபுக்குள் இருந்து வந்தாலும் கோளாறு உங்கள் வரியில்தான். கிளாங்கோடு வரும், இதே வேலையைச் செய்யும் மெமரி சானிடைசர் இதைவிட வேகமானது, ஆனால் லைப்ரரிகளையும் அதே விருப்பத்தோடு கம்பைல் செய்யாவிட்டால் பொய்ப் புகார் கொட்டும். தவறான முகவரி அணுகலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இந்த வேலைக்கு உதவாது.

எச்சரிக்கை வந்ததும் '= 0' என்று போட்டு வாயடைக்காதீர்கள். 12 அங்குலக் கல் இலவசமாகப் போகும், வால்கிரின்ட்டும் பேசாது. எல்ஸ் எழுதிப் பிழைக் குறியைத் திருப்புங்கள்.

பில்டில் இந்த எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்றிவிட்டு, சோதனைக் கோப்பைத் தனியாக வையுங்கள். அது கம்பைல் ஆகாமல் நின்றால்தான் சோதனை வெற்றி. ஜிசிசி பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் மறுபடி ஓட்டுங்கள்.