கீறல் விழுந்த பழைய லென்ஸைச் சோதித்து வாங்குவது எப்படி?

பாளையங்கோட்டையில் மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவின் சாமான்களோடு என் கைக்கு வந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸின் முன் கண்ணாடியில், வெட்டிப் போட்ட நகத்துண்டு போல வளைந்த ஒரு கீறல் இருக்கிறது. விற்றவர் அதை மறைக்கவில்லை. “எடுக்கிற படத்துல எல்லாம் கோடு விழும், பாத்துக்கிடுங்க” என்று சொல்லித்தான் பாதி விலைக்குத் தந்தார். இதுவரை ஒரு படத்திலும் கோடு விழவில்லை. வேறொரு குறை விழுந்தது. அது எப்போது விழும், எப்போது விழாது என்பதைத் தெரிந்துகொண்டால் பழைய லென்ஸ் வாங்குவதில் பாதி அச்சம் போய்விடும்.

கோடு ஏன் விழவில்லை என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இந்த லென்ஸின் குவியத் தூரம் 58 மி.மீ.; எஃப் 2 அளவில், அதாவது குவியத் தூரத்தில் இரண்டில் ஒரு பங்காக, திறந்திருக்கும்போது ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் 29 மி.மீ., அதன் பரப்பு ஏறத்தாழ 660 சதுர மி.மீ. என் லென்ஸிலுள்ள கீறல் 10 மி.மீ. நீளமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமும் உடையது. அதாவது அது மறைப்பது 1 சதுர மி.மீ. மட்டுமே. எதிரே இருக்கும் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி முன் கண்ணாடி முழுவதிலும் பரவி நுழைந்த பிறகே ஓரிடத்தில் குவிவதால், அந்த இழப்பு படம் முழுவதற்கும் பங்கிடப்பட்டுக் கண்ணுக்கே தெரியாமல் போகிறது.

பின் கண்ணாடியில் விழுந்த கீறலுக்கு இந்தச் சலுகை இல்லை. தேரி எனும் செம்மணல் மேட்டுப் பக்கம் பனைக்கடியில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: உச்சியிலிருக்கும் ஓலையின் நிழல் தரையில் விளிம்பு கலங்கி விழும், காலடியில் முளைத்த புல்லின் நிழலோ கத்தியால் கீறியது போலக் கூராக இருக்கும். பின் கண்ணாடி சென்சாருக்கோ பிலிமுக்கோ அருகில் இருப்பதாலும், ஒளிக்கற்றை அங்கே குறுகிவிடுவதாலும், சிறு பழுதும் படத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே முன் கண்ணாடியின் ஒற்றைக் கீறலுக்காக நான் எந்த லென்ஸையும் வேண்டாமென்று சொன்னதில்லை. பின் கண்ணாடியின் நடுவே கீறல் இருந்தால் விலை பேசுவதே இல்லை.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய முதல் சோதனைக்குக் கைபேசியின் விளக்கு போதும். லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுவதும் திறந்து, நிழலான இடத்தில் பின்புறமிருந்து விளக்கைச் சாய்வாகக் காட்டி, முன்புறமிருந்து பார்க்க வேண்டும். பிறகு லென்ஸைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் பார்க்க வேண்டும். முதலில் ஊதுபந்தால் ஊதிவிடுங்கள். கீறல் என்று பதறுவதில் பாதி, ஒட்டிக்கொண்ட நூலாகவோ முடியாகவோ இருக்கும். சூரியனை லென்ஸ் வழியாகப் பார்த்துச் சோதிப்பது கண்ணுக்குக் கேடு. அதைச் செய்யவே கூடாது.

இந்தச் சோதனையில் ஆழமான கீறலைக் காட்டிலும் நான் தேடுவது, சிலந்தி வலை போலக் கண்ணாடி முழுதும் படர்ந்திருக்கும் மெல்லிய கோடுகளைத்தான். அவை தூசியைத் தட்டாமல் வேட்டி நுனியாலோ சட்டை விளிம்பாலோ பல ஆண்டுகள் துடைத்ததன் அடையாளம். தேரி மண்ணிலும் கடற்கரை மணலிலும் இருக்கும் குவார்ட்ஸ் துகள் மோஸ் அளவுகோலில் 7 கடினம் உடையது. கண்ணாடியின் கடினம் பொதுவாக அதற்குக் கீழே இருப்பதால், மணல் ஒட்டிய துணி உப்புத்தாளாகவே வேலை செய்கிறது. ஆனி, ஆடியில் வீசும் காற்றில் திசையன்விளைப் பக்கம் படம் எடுத்தவர்கள் கேமரா பையைத் தட்டிப் பார்த்தால் நான் சொல்வது புரியும். ஒற்றைக் கீறல் ஒளியைச் சிதறடிக்கும் பரப்பு சிறிது; இந்த நூற்றுக்கணக்கான கோடுகளோ ஒளி தெறித்துத் திரும்புவதைக் குறைக்கும் பூச்சையும் தேய்த்து, கண்ணாடி முழுவதையும் சிதறடிக்கும் பரப்பாக்கிவிடுகின்றன. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சைஸ் (Zeiss) நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா அதைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பின்னரே லென்ஸ்கள் எதிரே இருந்து வரும் ஒளியைத் தாங்கத் தொடங்கின என்பதை எண்ணினால், தேய்ந்த பூச்சின் இழப்பு எவ்வளவு என்பது தெரியும்.

அடுத்த சோதனைகளுக்குக் கேமரா வேண்டும். வெயிலை முதுகுக்குப் பின்னே வைத்து, ஓட்டு வீட்டுச் சுவர் ஒன்றை எஃப் 2 அளவிலும் எஃப் 8 அளவிலும் எடுங்கள். முன் கண்ணாடிக் கீறல் உள்ள லென்ஸும் இதில் பெரும்பாலும் தேறிவிடும். பிறகு ஒரு குண்டு பல்பு படச் சட்டத்தின் மூலைக்குச் சற்று வெளியே இருக்கும்படி வைத்து, இருண்ட பின்னணியை இருமுறை எடுக்க வேண்டும்: ஒருமுறை அப்படியே, மறுமுறை பல்பின் ஒளி கண்ணாடியில் படாதபடி உள்ளங்கையால் மறைத்து. இரண்டாவது படத்தில் கறுப்பு கறுப்பாகவும் முதல் படத்தில் மோர் கலந்தது போலவும் இருந்தால், அந்த வேறுபாடே கீறலும் தேய்ந்த பூச்சும் சேர்ந்து செய்யும் சேதம். எனக்கு விழுந்த குறை இதுதான். குறுக்குத்துறைப் படித்துறையில் மாலைச் சூரியனுக்கு எதிரே எடுத்த படங்களில் ஆறும் கல் மண்டபமும் சாம்பல் திரைக்குப் பின்னே போய்விட்டன. அதே நாளில் அதே லென்ஸால் சூரியனுக்கு முதுகு காட்டி எடுத்தவை பளிச்சென்று இருந்தன.

மூன்றாவதாக, இரவில் வண்ணார்பேட்டைப் பக்கம் நின்று தெருவிளக்குகளைக் குவியம் தவறவிட்டு எடுங்கள். ஒளி வட்டங்களுக்குள் கீறல் தன் வடிவத்தோடே தென்படும். என் படங்களில் ஒவ்வொரு வட்டத்திலும் அந்த நகத்துண்டு இருக்கிறது. பின்னணி மங்கிய முகப்படங்களுக்காகவே லென்ஸ் வாங்குபவர் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கடைசியாக, வெறும் வானத்தை எஃப் 16 அளவில் எடுக்க வேண்டும். அப்போது ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் 3.6 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுவதால், கீறல் நட்டநடுவே ஓடினால் பரப்பில் ஏறத்தாழ 28இல் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும். விளிம்பில் இருந்தாலோ படத்தின் நடுப்பகுதிக்கு அதனால் தொல்லையே இல்லை. பின் கண்ணாடிக் கீறல் மங்கலான கறையாகத் தலைகாட்டுவதும் இந்தப் படத்தில்தான்.

வாங்கிவிட்ட லென்ஸுக்கு முதல் மருந்து ஹூட், அதாவது பக்கவாட்டு ஒளியை மறைக்க முன்னே மாட்டும் வளையம். ஹீலியோஸ் 44-2க்கு 49 மி.மீ. மரை உள்ளது போதும். இரண்டாவது, ஆழமான ஒற்றைக் கீறலைக் கறுப்பு மையால் நிரப்பும் பழைய வழி. கீறலின் ஓரங்கள் ஒளியைச் சிதறடிப்பதை மை விழுங்கிவிடுகிறது. ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கைத் தையல் ஊசி முனையில் ஒரு துளி தொட்டு, கண்ணாடியில் உலோகம் படாமல், துளியை மட்டும் கீறலில் ஓடவிட்டேன். மை முழுவதும் காய்வதற்குள் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் மேலே நின்றதை எடுத்தேன். மெல்லிய துடைப்புக் கோடுகளுக்கு இது உதவாது. பற்பசை தேய்த்துக் கீறலை எடுக்கலாம் என்பாரும் உண்டு; அது பூச்சை அழித்துப் பரப்பின் வளைவையும் கெடுத்துவிடும். மை வைத்த பிறகு அதே படித்துறையில், அதே நேரத்தில், ஹூட் மாட்டி எடுத்த படத்தில் மண்டபத்துத் தூண்களின் நிழல்கள் திரும்பி வந்திருந்தன. சூரியன் சட்டத்துக்குள்ளேயே நின்ற படத்தில் மட்டும் திரை விலகவில்லை.