பழைய காருக்கு ஏசியா? முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்

அம்பாசடர், பத்மினி போன்ற பழைய காரில் ஏசி பொருத்தும் முன், இருட்டிய பிறகு பானெட்டுக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு மூடுங்கள். இன்ஜின் அணைந்திருக்கட்டும். அப்புறம் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்து, வெளிச்சம் கசியும் ஒவ்வொரு ஓட்டையையும் ரப்பர் குரோமெட் (ஓட்டையில் பொருத்தும் ரப்பர் வளையம்) போட்டு அடையுங்கள். வயரும் ஸ்பீடாமீட்டர் கேபிளும் நுழையும் இடங்களில் ரப்பர் இற்றுப்போய், விரல் நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். இன்ஜின் சூடு அந்த வழியாகவும் கால்மாட்டுக்கு வருகிறது. அதையும் சேர்த்துக் குளிர்விக்க ஏசி திணறும். பெரிய கம்ப்ரசர் தேடுவதைவிட இது மேல். ஆக்ஸிலரேட்டர் கேபிளை மட்டும் இறுக்கிவிடாதீர்கள்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடானால் இது உதவாது. அங்கே பெரும்பாலும், ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சருக்குக் காற்று போதவில்லை. எலெக்ட்ரிக் ஃபேன்தான் வேண்டும்.