நாகர்கோவில் ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட்டை நீட்டுவதற்கு முன்

விடுமுறையில் குமரி மாவட்டம் வருகிறவர்களுக்குக் கடைக் கணினி தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு தாளுக்காகத்தான். பூர்வீக நிலத்தின் பட்டா நகல், வில்லங்கச் சான்று, திருவனந்தபுரத்திலிருந்து திரும்பும் விமானத்தின் டிக்கெட் என்று ஏதாவது ஒன்றை அச்சிட வேண்டியிருக்கும். வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்து, அங்குள்ள கணினியிலேயே மின்னஞ்சலைத் திறந்து வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது.

பலர் கைபடும் கணினியில் விசைகளைப் பதிவு செய்யும் மென்பொருள் இருந்தால், நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதில் சேர்ந்துவிடும். உலாவியின் மறைமுகச் சாளரம் (இன்காக்னிட்டோ), பார்த்த பக்கங்களின் வரலாற்றை மறைக்குமே தவிர இதைத் தடுக்காது. பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அங்குள்ள விசைப்பலகையில் ஏ இருக்கும் இடத்தில் இங்கே கியூ இருப்பதால் கடவுச்சொல் தவறிக்கொண்டே போகும். பொறுமையிழந்து, சரியாகத்தான் விழுகிறதா என்று பார்க்கப் பெயர்க் கட்டத்தில் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் அதைப் படிக்க ஒரு நொடி போதும். ஆகவே உள்நுழைவதையெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே முடித்து, அச்சிட வேண்டிய கோப்பை மட்டும் கடைக்குக் கொடுங்கள்.

கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். “வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார்” என்பார் கடைக்காரர். அனுப்பிய கணத்தில் உங்கள் எண்ணும் பாஸ்போர்ட்டின் படமும் அவருடைய கைப்பேசிக்குப் போய்விடுகின்றன. அதை அவர் கணினியில் இறக்கும்போது டவுன்லோட்ஸ் கோப்புறையில் இன்னொரு பிரதி உருவாகிறது. பிறகு நீங்கள் உங்கள் பக்கத்தில் ‘அனைவருக்கும் நீக்கு’ என்று அழுத்தினாலும் அந்தப் பிரதி அங்கேயே கிடக்கும். மின்-ஆதார் கோப்பென்றால் ஆபத்து அதிகம், ஏனெனில் அதைத் திறக்கும் கடவுச்சொல் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான்; பக்கத்திலேயே இருக்கும் பாஸ்போர்ட் நகல் இரண்டையும் சொல்லிவிடும். கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமான இடங்களில் அதையே கொடுங்கள்.

அச்சு முடிந்ததும் அங்கேயே நின்று, “அண்ணே, அந்த ஃபைலை அழிச்சிருங்க” என்று கேளுங்கள். ஷிப்ட் விசையுடன் டெலீட்டை அழுத்தினால் கோப்பு ரீசைக்கிள் பின்னில் தங்காது. கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் கேட்ட கடைகளில் யாரும் முகம் சுளித்ததில்லை. பிசகிப்போன நகல்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை பேருந்து நிலையத்தில் வாங்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, யாரோ ஒருவருடைய வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், கணக்கு எண்ணோடு, கொஞ்சம் சாய்ந்து விழுந்த ஜெராக்ஸாக என் கையில் இருந்தது. நகலின் குறுக்கே எந்தத் தேவைக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிவைப்பதும் நல்லது.

வேறு வழியே இல்லாமல் கடைக் கணினியில் உள்நுழைந்துவிட்டால், மின்தடையை நினைவில் வையுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. நடுவில் கரண்டு போய், நீங்கள் எழுந்து வந்துவிட்டால், மின்சாரம் திரும்பியதும் உலாவி விட்ட இடத்திலிருந்தே உங்கள் பக்கங்களைத் திறந்து கொடுக்கக்கூடும். அப்படி நேர்ந்தால் கைப்பேசியில் கணக்கு அமைப்புகளுக்குச் சென்று அந்தச் சாதனத்தை வெளியேற்றி, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். ஓடிபி வெளிநாட்டு எண்ணுக்கு வருவதென்றால், ரோமிங் வேலை செய்கிறதா என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்வது அவசியம்.

பிரவுசிங் சென்டரில் அடையாள அட்டை கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். 2011ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் அதைச் சரிபார்த்துப் பதிவேட்டில் குறித்தாக வேண்டும், அந்தப் பதிவை ஓராண்டாவது வைத்திருக்கவும் வேண்டும். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்குங்கள். இந்திய வங்கிக் கணக்கென்றால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள். வெளிநாட்டு சிம் மட்டும் வைத்திருப்பவர்கள் வீட்டிலுள்ள ஒருவரின் கைப்பேசியிலிருந்து அழைத்துக்கொள்ளலாம்.