தாலுகா ஆஸ்பத்திரியில் லைசிஸ் ஊசி: பிசகாமல் போடுவது எப்படி

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 100 கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாக ஆற்றங்கரை வளைவுகள், ரயில்வே கேட். அறுவடைக் காலமானால் நெல் லாரி வரிசை வேறு. ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் கேத் லேபில் (இதய ரத்தக்குழாய் சிகிச்சை அறை) பலூன் வைத்து அடைப்பைத் திறக்க முடியாது என்றால், இருக்கிற இடத்திலேயே ஊசி போட்டு ரத்தக்கட்டியைக் கரைப்பதுதான், அதாவது லைசிஸ்தான், முறை. தெரிந்த 10 நிமிடத்துக்குள் மருந்து ஏறத் தொடங்க வேண்டும். "பெரிய ஆஸ்பத்திரியில் போட்டுக்கட்டும்" என்று வண்டியில் ஏற்றி அனுப்புவது நமக்கு வேண்டுமானால் பாதுகாப்பு, நோயாளிக்கு இல்லை. முதல் 2, 3 மணி நேரத்தில் கட்டி இளசாக இருக்கும், எளிதில் கரையும். 12 மணி நேரம் தாண்டினால் பலன் போய்விடும், ரத்தக்கசிவு ஆபத்து மட்டும் மிஞ்சும்.

முதலில், யாருக்குப் போடக்கூடாது என்பது ஈசிஜியிலேயே பாதி தெரிந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் (ஈசிஜியின் தனித்தனிப் பதிவுகள்) எஸ்டி (அந்த வரைகோட்டின் ஒரு பகுதி) மேலே ஏறியிருக்க வேண்டும். எஸ்டி கீழே இறங்கியிருக்கிறது, ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் என்பதற்காக லைசிஸ் போடுவது தவறு. அந்த வகை மாரடைப்பில் இந்த மருந்தால் பலன் இல்லை, கெடுதல் உண்டு. வி1 முதல் வி3 வரை உள்ள நெஞ்சு லீடுகளில் மட்டும் எஸ்டி இறங்கியிருந்தால் முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 எடுத்துப் பாருங்கள். பின்சுவர் மாரடைப்பு அங்கே ஒளிந்திருக்கலாம். கீழ்ச்சுவர் மாரடைப்பு என்றால் வி4ஆர் (வலது நெஞ்சு லீட்) எடுக்காமல் நாக்கடியில் சார்பிட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை) வைக்காதீர்கள். வலது கீழறை அடிபட்டிருந்தால் பிரஷர் சட்டென்று விழுந்துவிடும்.

ஈசிஜி ஓடும்போதே கேள்விகளும் ஓட வேண்டும். செக்லிஸ்ட் தாளில் இருக்கிற வரிசைப்படி "பிளீடிங் டிஸ்ஆர்டர் இருக்கா?" என்று கேட்டால் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். அவர்கள் பேச்சில் கேளுங்கள்:

"ஐயா, வலி எப்பலேந்து? காலைல வாய்க்கால் வெட்டப் போகறப்பவே இருந்துச்சா, வந்தப்புறமா?"

"இந்த ஒரு மாசத்துல வரப்புல, மாடிப்படில எங்கயாச்சும் விழுந்தீங்களா? தலைல அடி? ஆபரேஷன் ஏதும்?"

"வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பாப் போச்சா? மூட்டுவலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிச் சாப்புடறீங்களா?"

"கை கால் இழுத்துக்கிட்டு, வாய் கோணி ஆஸ்பத்திரில இருந்தது உண்டா?"

"வால்வு ஆபரேஷன் பண்ணி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறீங்களா?"

கடைசிக் கேள்வியை மனைவியிடமோ மகளிடமோ கேட்பது நல்லது. மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மூளையில் எப்போதாவது ரத்தக்கசிவு, மூளையில் கட்டி, 6 மாதத்துக்குள் பக்கவாதம், ஒரு மாதத்துக்குள் பெரிய அடி, ஆபரேஷன் அல்லது குடலில் ரத்தக்கசிவு, மகாதமனி கிழிசல் சந்தேகம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசி இல்லை, உடனே அனுப்ப வேண்டும். கிழிசலைப் பிடிக்க ஒரு நிமிடம் போதும். வலி முதுகுக்குக் கிழித்துக்கொண்டு போகிறதா என்று கேட்டு, இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள். 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். பிரஷர் 180/110-க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்குங்கள். மூளைக்கசிவுக்கு அதுதான் பெரிய வாசல். மாதவிலக்கையும் சர்க்கரையால் வந்த கண் பாதிப்பையும் காரணம் காட்டி ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது இன்னொன்று. நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து சோடா, ஓமத்திரவம் குடித்துவிட்டு, பக்கத்துக் கிளினிக்கில் "இடுப்புல ஒரு ஊசி" போட்டுக்கொண்டு வருவார்கள். அதற்காக லைசிஸை நிறுத்த வேண்டாம். ஆனால் ஊசி குத்திய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, அழுத்திக் கட்டி, வீங்குகிறதா என்று பாருங்கள். தசைக்குள் ரத்தம் கட்டி இடுப்பு பூசணிக்காய் போல் ஆவது இப்படித்தான். நீங்களும் வலிக்கென்று தசையில் எதையும் போடாதீர்கள். வலிக்கு மார்ஃபின், அதுவும் நரம்பில் (சிரையில்), சிறுகச் சிறுக.

ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கட்டும். குளோபிடோக்ரெல் 75 வயது வரை 300 மி.கி., அதற்கு மேல் 75 மி.கி. மட்டும். ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக வந்தவர் என்றால் சீட்டைப் பாருங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாடின் எல்லாம் அங்கேயே கொடுத்திருப்பார்கள். பார்க்காமல் மறுபடி கொடுத்தால் இரட்டை அளவு ஏறிவிடும்.

ஊசிக்கு முன் இரண்டு கையிலும் பெரிய வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்), 18 நம்பர். வலது மணிக்கட்டை மட்டும் விட்டுவிடுங்கள்; ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ப் படம்) பெரும்பாலும் அந்த வழியாகத்தான். மருந்து ஏறிய பிறகு நரம்பு தேடிக் குத்திக்கொண்டிருந்தால் குத்திய இடமெல்லாம் கசியும். கழுத்து லைன், மூக்குக்குழாய், யூரின் டியூப் எதுவும் தவிர்க்க முடியாத தேவை இல்லாமல் வேண்டாம். டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) சார்ஜோடு பக்கத்தில் இருக்கட்டும்.

இனி கட்டி கரைக்கும் மருந்து. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட். குப்பியில் 5 மி.லி. நார்மல் சலைனைக் கண்ணாடிச் சுவரோடு வழியவிட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டுங்கள். குலுக்கினால் நுரைக்கும், திரி திரியாகத் திரியும். அந்தக் குப்பி வீண். கரைந்ததை 100 மி.லி. நார்மல் சலைனில் சேர்த்து 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். இதில் பிரஷர் விழுவது சாதாரணம், அதிலும் வேகமாக ஓடினால். விழுந்தால் டிரிப்ஸை நிறுத்தி, காலைத் தூக்கி வைத்து, நுரையீரலில் நீர் இல்லையென்றால் சலைன் கொடுத்து, தேறியதும் மெதுவாகத் தொடருங்கள். மூச்சில் வீசிங், முகவீக்கம், தடிப்பு என்று வந்தால் அது வேறு கதை. மருந்தை அடியோடு நிறுத்தி, தொடையில் அட்ரினலின் 0.5 மி.கி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, வெறும் பிரஷர் இறக்கத்துக்கே மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிற தப்பு.

கட்டி கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டெப்ளேஸ் சுலபம், ஆனால் எடை தெரிய வேண்டும். எடை பார்க்கிறேன் என்று நோயாளியை நடக்க வைக்காதீர்கள், வீட்டாரிடம் கேளுங்கள். 60 கிலோவுக்குக் கீழ் 30 மி.கி., 60 முதல் 69 வரை 35, 70 முதல் 79 வரை 40, 80 முதல் 89 வரை 45, 90-ம் அதற்கு மேலும் 50. 75 வயதும் அதற்கு மேலும் என்றால் இதில் பாதி. ஸ்டெரைல் வாட்டரில் கலந்தபின் 1 மி.லி.யில் 5 மி.கி. இருக்கும். 62 கிலோ உள்ள 78 வயதுக்காரருக்கு 35-ல் பாதி 17.5 மி.கி., அதாவது 3.5 மி.லி. குப்பியில் இருப்பதை முழுக்க உறிஞ்சி அப்படியே தள்ளிவிடும் பழக்கம் இங்கேதான் ஆளைக் கொல்லும். தேவையானதை மட்டும் சிரிஞ்சில் எடுத்து, இன்னொரு சிஸ்டரிடம் அளவைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். 5 முதல் 10 விநாடியில் ஒரே தள்ளு. அந்த லைனில் டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருந்தால் மருந்து திரிந்துவிடும். போடுமுன்னும் பின்னும் நார்மல் சலைனால் கழுவிவிடுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈனாக்ஸபாரினும் வயதைப் பார்த்துத்தான். 75-க்குக் கீழ் நரம்பில் 30 மி.கி., 15 நிமிடத்துக்குள் தோலுக்கடியில் கிலோவுக்கு 1 மி.கி., முதல் இரண்டு டோஸ் ஒவ்வொன்றும் 100 மி.கி. தாண்டாமல். 75-ம் அதற்கு மேலும் நரம்பு டோஸ் கிடையாது, கிலோவுக்கு 0.75 மி.கி. கிட்னி பழுதானவருக்கு அடுத்த டோஸுக்கு இடைவெளி 12 மணியல்ல, 24 மணி.

ஏறிக்கொண்டிருக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர், பிறகு கால் மணிக்கு ஒருமுறை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். புதிதாகத் தலைவலி, வாந்தி, நாக்குழறல், தூக்கக் கலக்கம் என்றால் மூளையில் கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி கரைக்கும் மருந்தையும் ஈனாக்ஸபாரினையும் உடனே நிறுத்தி, சிடி ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். இது நூறில் ஒருவருக்கு நேரக்கூடியது. ஊசிக்கு முன்பே வீட்டாரிடம் இதையும் சொல்லிவிட வேண்டும். ஈறில் கொஞ்சம் ரத்தம் கசிந்தால் பஞ்சை வைத்து அழுத்தினால் போதும்.

60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி ஈசிஜி. எஸ்டி ஏற்றம் பாதிக்கு மேல் இறங்கி, வலியும் தணிந்திருந்தால் அடைப்பு திறந்திருக்கிறது. அப்போது நிமிடத்துக்கு 60 முதல் 110 வரை அகலமான துடிப்புகள் வரிசையாக வந்து பயமுறுத்தும். பிரஷர் நன்றாக இருந்தால் அதற்கு மருந்து கொடுக்காதீர்கள், தானாக அடங்கும். எஸ்டி இறங்கவில்லையென்றால் இரண்டாவது டோஸ் கிடையாது. ஆஞ்சியோபிளாஸ்டிக்கு உடனே அனுப்ப வேண்டும். திறந்தவருக்கும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ தேவை. அதனால் ஊசி ஏறியதுமே 108-க்குச் சொல்லி அனுப்பிவிடுவதே சரி. 90 நிமிட ஈசிஜி வழியிலோ போய்ச் சேர்ந்த இடத்திலோ எடுக்கட்டும்.

ரெஃபரல் சீட்டில் "லைசிஸ் செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால் அங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. வலி தொடங்கிய மணி, மருந்தின் பெயர், அளவு, ஏற்றிய மணி, ஈனாக்ஸபாரின் போட்ட மணி, முன்னும் பின்னும் எடுத்த ஈசிஜிகள் எல்லாம் வண்டியிலேயே போக வேண்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டிருந்தால் மருந்தின் பெயரையும் தேதியையும் தனிச் சீட்டில் எழுதி வீட்டாரிடம் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மாரடைப்பு வந்தால் அதே மருந்தைப் போடக்கூடாது. உடம்பில் உருவான எதிர்ப்பொருள் மருந்தை முறித்துவிடும், ஒவ்வாமையும் கிளம்பலாம்.