வீடியோவில் பாட்டு சேர்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினத்துக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போயிருந்தேன். சுற்றுவட்டாரக் கோயில்களின் சாமிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தன. மேளம், அலைச்சத்தம், மணலில் ஓடும் பிள்ளைகள் என்று பதினொரு நிமிடம் போனில் எடுத்து யூடியூபில் ஏற்றினேன். நானாக ஒரு பாட்டும் சேர்க்கவில்லை. ஆனாலும் காப்பிரைட் க்ளெய்ம் வந்துவிட்டது. பக்கத்துக் கடை ஸ்பீக்கரில் ஓடிய பக்திப் பாட்டு நாற்பது நொடி பதிவாகியிருந்தது.

பதறிப்போய் வீடியோவையே அழித்துவிட்டேன். போனில் இடமில்லை என்று மூலத்தை ஏற்கெனவே அழித்திருந்தேன். அந்த மேளச் சத்தம் இனி எனக்குக் கிடைக்காது. பாட்டு வந்ததைவிட, க்ளெய்ம் என்றால் என்ன என்று தெரியாமல் அழித்ததுதான் பெரிய தவறு.

க்ளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் பாட்டுகளோடு நம் வீடியோவின் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்க யூடியூப் ‘கன்டென்ட் ஐடி’ என்ற முறையை 2007 முதல் வைத்திருக்கிறது. ஒத்துப்போனால் க்ளெய்ம் வரும். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோ முடக்கப்படலாம், சில சமயம் ஒன்றுமே ஆகாது. பொதுவாக இதனால் சேனலுக்குக் கெட்ட பெயர் கிடையாது. யூடியூப் ஸ்டுடியோவுக்குள் போய் அந்தப் பாட்டை மட்டும் ஒலியிழக்கச் செய்யலாம், அந்தத் துண்டை வெட்டலாம், வேறு பாட்டு வைக்கலாம். என் வீடியோவுக்கு அந்த நாற்பது நொடியை வெட்டியிருந்தாலே போதும்.

ஸ்ட்ரைக் அப்படியில்லை. உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொல்லிக் கேட்டால் வருவது அது. 90 நாளில் 3 வந்தால் சேனலே போய்விடும். வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக்கும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள், போகாது. இன்னொன்று, பாட்டு உண்மையிலேயே அடுத்தவருடையது என்று தெரிந்தும் க்ளெய்மை எதிர்த்து டிஸ்ப்யூட் போடாதீர்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் உண்டு. அவர்கள் நீக்கக் கோரிக்கை அனுப்பினால், சும்மா இருந்த க்ளெய்ம் ஸ்ட்ரைக்காக மாறிவிடும்.

அப்புறம், காதுவழி வந்த விதிகள். பத்து நொடி போட்டால் தப்பில்லை என்பார்கள், முப்பது நொடி என்பார்கள். அப்படி ஒரு நொடிக்கணக்கு இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. ‘பாடல் உரிமை உரியவருக்கே’ என்று கீழே எழுதுவது மரியாதைதான், ஆனால் அனுமதி ஆகாது. பணம் வராத சேனல் என்பதும் காப்பாற்றாது. வேகத்தைக் கூட்டி, சுருதியை மாற்றி ஏற்றினாலும் பெரும்பாலும் பிடிபடும். பிடிபடாவிட்டாலும் பாட்டு அவர்களுடையதுதான்.

நாமே பாடினால்? ஒரு சினிமாப் பாட்டில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. நாம் பாடும்போது ஒலிப்பதிவு மட்டும்தான் நம்முடையது. வரியும் மெட்டும் படைத்தவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை உரிமைக்குட்பட்டவை.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியின் பாடல்கள் நாட்டுடைமை. அவர் வரியை யாரும் பாடலாம். ஆனால் ஒரு கம்பெனி வெளியிட்ட பாரதி பாட்டின் ஒலிப்பதிவை எடுத்து ஒட்ட முடியாது; மெட்டும் புதிதாகப் போட்டதாக இருந்தால் அதற்கும் ஒருவர் இருக்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் அப்பர் பாடிய தேவாரமும் வடலூர் வள்ளலாரின் அருட்பாவும் அப்படித்தான். பாட்டு ஊர்ச் சொத்து, பதிவு அப்படியல்ல.

கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. திருமண நிகழ்ச்சியில் பாட்டு ஒலிக்கவிடச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. அது நிகழ்ச்சிக்கு. அதே பாட்டை எடிட் செய்த வீடியோவில் ஒட்டி உங்கள் பக்கத்தில் ஏற்றுவதற்கு அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதுச்சேரியில் கஃபே, விடுதி நடத்துபவர்கள் தங்கள் கடைக்கான ரீல்ஸைச் சொந்தக் கணக்கிலிருந்து போடுவதும் இதே ரகம். இன்ஸ்டாகிராமின் சினிமாப் பாட்டுப் பட்டியல் சொந்தப் பயன்பாட்டுக்கு. கடை விளம்பரத்துக்கு அல்ல.

சரி, எதைத்தான் போடுவது? யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை உண்டு. சிலவற்றுக்கு இசைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், விட்டுவிடாதீர்கள். ‘நோ காப்பிரைட்’ என்று தலைப்பிட்ட வீடியோவிலிருந்து இறக்குவதென்றால் உரிமத்தை முழுதாகப் படித்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. நம் பக்கத்தில் நாயனக்காரர்களுக்கும் தவில்காரர்களுக்கும் பஞ்சமில்லை. கேட்டுப் பதிவு செய்யுங்கள். வாசிப்பவருக்கும் சட்டத்தில் தனி உரிமை உண்டு என்பதால் வாய்ச்சொல்லோடு விட வேண்டாம். சினிமாப் பாட்டை வாசித்தால் மெட்டின் உரிமை மறுபடி குறுக்கே வரும். தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள், அவர் மறைந்தது 1847-இல். தேதி, இடம், என்ன வாசித்தார், எந்தெந்தத் தளத்தில் போடுவீர்கள், வருமானம் வந்தால் அவருக்கு என்ன பங்கு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அவருக்கு ஒரு பிரதி. வீடியோவின் விவரக் குறிப்பில் முதல் வரியாக அவர் பெயர்.