நார்கண்டா, தானேதார் பக்கம் ஆப்பிள் தோட்டம் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நம் ஊரிலிருந்து சிம்லா போகிற குடும்பங்களில் பெரும்பாலானவை ஏப்ரல், மே மாதங்களில்தான் போகின்றன. பள்ளி விடுமுறை அப்போதுதான், வெயிலுக்குத் தப்பி ஓடவேண்டிய காலமும் அதுதான். அதில் தப்பில்லை. ஆனால் "அங்கே ஒரு நாள் ஆப்பிள் தோட்டத்துக்குப் போவோம், மரத்திலிருந்து பறித்துச் சாப்பிடலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப் போனால், மே மாதத்தில் மரத்தில் இருப்பது நெல்லிக்காய் அளவுப் பச்சைப் பிஞ்சுதான். எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

நார்கண்டா, தானேதார் எல்லாம் இருக்கிற, சிம்லாவுக்கு மேலே உள்ள மலைகளில் ஆப்பிள் பூப்பது ஏப்ரலில். உயரத்தைப் பொறுத்துச் சில இடங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தாழ்வான இடங்களில் ஜூலையிலேயே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். கோட்கட், தானேதார் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் மும்முரம். நார்கண்டா உயரத்தில் இன்னும் சற்றுத் தள்ளிப் போகும், இன்னும் தொலைவில் உள்ள கின்னோர் மாவட்டத்தில் அக்டோபர் வரைக்கும் பழம் நிற்கும். நம் தெருவில் தள்ளுவண்டிக்காரர் "சிம்லா ஆப்பிள்" என்று குவித்து வைக்கிற மாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே மரத்தில் பழம் இருப்பதும் ஏறக்குறைய அப்போதுதான்.

சிக்கல் என்னவென்றால் அந்த மாதங்களில் மழையும் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மலைச்சரிவு இறங்கிச் சாலை அடைபடுவது அங்கே அடிக்கடி நடக்கிற விஷயம். 2023 ஜூலையிலும் ஆகஸ்டிலும் இமாசலத்தில் எவ்வளவு உயிர்ச்சேதம் ஆனது என்பது பலருக்கு நினைவிருக்கும். அதனால் என்னைக் கேட்டால் செப்டம்பர் நடுவிலிருந்து மாதக் கடைசி வரைக்கும் உள்ள நாட்களைச் சொல்வேன். மழை ஓயும் நேரம், மேல்தோட்டங்களில் பழமும் மிச்சம் இருக்கும். ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்றால் போங்கள், ஆனால் வானிலைத் துறை கனமழை எச்சரிக்கை கொடுத்த நாளில் "டாக்ஸிக்கு முன்பணம் கொடுத்துவிட்டோமே" என்று கிளம்பாதீர்கள். முன்பணம் போனால் போகட்டும். மே மாதத்தை விட்டால் வழியே இல்லை என்கிறவர்கள் மே பாதிக்கு அப்புறம் போகலாம், அதே ஊர்களில் செர்ரி பழுக்கும் காலம் அது. பிள்ளைகளிடமும் செர்ரி என்றே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

அடுத்தது, எந்த இடம் என்று தீர்மானிக்காமல் வண்டியில் ஏறுவது. சிம்லாவின் கடைவீதியான மால் ரோட்டுப் பக்கம் கேட்டால் "குஃப்ரி, ஃபாகூ, நார்கண்டா" என்று ஒரே நாளில் மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். குஃப்ரியில் இறங்கினால் குதிரைச் சவாரி, சேறு, கூட்டம், படம் எடுக்க ஆள் என்று மதியம் வந்துவிடும். அப்புறம் நார்கண்டா கடைவீதியில் ஒரு டீ, திரும்பு என்று ஆகிவிடும், தோட்டம் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. ஆப்பிள் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் குஃப்ரியில் வண்டியை நிறுத்தவே வேண்டாம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கின்னோர் ஆப்பிள்தான் ஒசத்தி என்று யாரோ சொல்ல, சிம்லாவிலிருந்து அங்கே உள்ள கல்பாவுக்கோ சாங்லாவுக்கோ ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று கணக்குப் போடுவது. ஒருவழிக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் மலைச்சாலை. அதற்குக் குறைந்தது இரண்டு இரவு ஒதுக்க வேண்டும்.

ஒரு நாளுக்கு அளவானது நார்கண்டா வழியாகத் தானேதார். சிம்லாவிலிருந்து நார்கண்டா அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், அங்கிருந்து பிரிந்து இறங்கினால் தானேதார் இன்னும் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். இந்தத் தூரத்தைப் பார்த்து "ஒன்றரை மணி நேரம்" என்று நினைத்தால் அன்றைய திட்டமே கெட்டுவிடும். நார்கண்டாவுக்கே இரண்டரை மணி நேரம் வையுங்கள், பழக்காலத்தில் இன்னும் கூட. பெட்டி ஏற்றிய லாரிகள் எதிரே வரிசையாக வரும், வழியில் உள்ள தியோக் ஊர்க் கடைவீதியில் ஒரு லாரி திரும்பினால் இரண்டு பக்கமும் நிற்கும். தியோக்கிலேயே கோட்காய், ரோஹ்ரு போகிற சாலை பிரிகிறது, அந்தப் பக்கமும் ஆப்பிள் நாடுதான் என்பதால் ஓட்டுநரிடம் "ஆப்பிள் தோட்டம்" என்று மட்டும் சொல்லாமல் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். நார்கண்டாவுக்கு மேலே உள்ள ஹாட்டு சிகரம் ஏறுவதும் சேர்த்தா இல்லையா என்பதையும் ஏறுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும், அங்கே போய்ப் பேசினால் தகராறுதான்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். தங்கும் அறை மால் ரோட்டில் இருந்தால் வண்டி வாசலுக்கு வராது, கீழே கார்ட் ரோடு வரைக்கும் நடந்து இறங்க வேண்டும், பெரியவர்கள் இருந்தால் அந்த அரைமணியையும் கணக்கில் சேருங்கள். நார்கண்டா போனதும் முதலில் ஹாட்டு. சுமார் 11,000 அடி உயரம், சாலை ஒரு வண்டி போகிற அகலம்தான். நேரம் ஆக ஆக எதிர்வண்டி கூடும், பத்து பதினொரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து மூடிவிட்டால் எதிரே இருக்கிற ஸ்ரீகண்ட் மகாதேவ் மலைத்தொடர் தெரியாது. உச்சியில் மரத்தால் கட்டிய ஹாட்டு மாதா கோயில் இருக்கிறது, இராவணன் மனைவி மண்டோதரியின் கோயில் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்கிறார்கள். பனிக்காலத்தில் இந்தச் சாலை மூடிக்கிடக்கும், டிசம்பர் மாதம் போய்க்கொண்டு ஹாட்டு ஹாட்டு என்று ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள். இறங்கி வந்து நார்கண்டாவில் ராஜ்மா சாதம் சாப்பிட்டுவிட்டு தானேதார் போனால் மதியம் முழுக்கத் தோட்டத்துக்கு இருக்கும். அங்கிருந்து மூன்று, மூன்றரைக்குள் திரும்பிவிட வேண்டும். அக்டோபர் கடைசியில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், அந்த வளைவுகளில் இருட்டில் வருவதற்கு நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம், எனக்கு அதிகம் மனம் வலிப்பது இங்கேதான். சாலையோரத்தில் வேலி இல்லாமல் ஆப்பிள் மரம் நிற்கிறது என்பதால் அது பூங்கா ஆகிவிடாது. ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுக்க வருமானம் அந்தச் சில வாரங்களில்தான். வண்டியை நிறுத்தி இறங்கி, கிளையை வளைத்துப் படம் எடுத்து, ஆளுக்கு இரண்டு பழம் பறித்துக்கொண்டு ஏறுகிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்று யோசித்துப் பாருங்கள்.

போவது பழம் மட்டும் இல்லை. ஆப்பிள் பெரும்பாலும் காய்ப்பது கிளையில் கணுக்கணுவாக நிற்கிற குட்டையான குச்சிகளில். அடுத்த வருஷத்துப் பூமொட்டும் அந்தக் குச்சியிலேயே, பழத்தின் காம்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். தெரியாதவர்கள் பழத்தைப் பிடித்துக் கீழே இழுப்பார்கள், குச்சியோடு பிய்ந்து வரும், அந்த இடத்தில் அடுத்த வருஷம் காய்க்காது. பறிக்கத் தெரிந்தவர் செய்வதைக் கவனித்துப் பாருங்கள்: பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்பக்கமாகத் தூக்கி, லேசாக ஒரு திருப்பு. காம்போடு கழன்று வந்துவிடும், குச்சி அப்படியே நிற்கும். காம்பு இல்லாத பழத்துக்கு மண்டியில் விலை குறைவு என்பதால் காம்பைக் கண் மாதிரிக் காப்பார்கள்.

மருந்து விஷயமும் உண்டு. பூ விடுவதற்கு முன்னாலிருந்து அறுவடை நெருங்கும் வரை பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அட்டவணை போட்டு மருந்து அடிக்கிறார்கள். நீங்கள் பறிக்கிற பழத்தில் மருந்து அடித்தது நேற்றா போன மாதமா என்று தோட்டக்காரருக்குத்தான் தெரியும். பிள்ளைகள் கையில் கழுவாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

உள்ளே போக வழி ரொம்ப எளிது, கேட்க வேண்டும், அவ்வளவுதான். பழக்காலத்தில் சாலையோரக் கொட்டகைகளில் பழத்தை அளவு பிரித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள், அங்கே போய் இந்தியில் நாலு வார்த்தை பேசினால் பல இடங்களில் கையில் ஒரு பழத்தைக் கொடுத்து உட்காரச் சொல்வார்கள். நீங்கள் இந்தி பேசத் தயங்கினால் ஓட்டுநர் பேசுவார். அங்கே ஹோம்ஸ்டே நடத்துகிற தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள், முன்கூட்டியே போன் செய்து கட்டணம் பேசிக்கொண்டால் நிம்மதியாக மரங்களுக்கு நடுவில் நடக்கலாம். நடக்கும்போது கீழே பார்த்து நடங்கள். கில்ட்டா என்கிற கூம்புக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் பழம் சுமந்து ஏறி வருவார்கள், அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள், செல்ஃபிக்காக நிறுத்தாதீர்கள். ஏப்ரலில் பூப் பார்க்கப் போகிறவர்கள் தேனீப் பெட்டிகளிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும், மகரந்தம் சேர்க்க வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். தூரத்தில் சரிவு முழுக்க வெள்ளையாகத் தெரிந்தால் எல்லாமே பூ என்று ஏமாற வேண்டாம், ஆலங்கட்டி மழைக்கு மேலே விரிக்கிற வலையாகவும் இருக்கும். அதன் கயிறுகளைப் பிடித்து இழுக்கக் கூடாது.

தானேதார் வரை போய்விட்டு அது ஏன் ஆப்பிள் ஊர் ஆனது என்று தெரியாமல் திரும்புவதும் நஷ்டம்தான். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1904இல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய இந்தியாவுக்கு வந்து, அப்புறம் கோட்கட் பக்கமே குடியேறி, உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு முன்னாலேயே ஆங்கிலேயர்கள் குலு பக்கம் ஆப்பிள் வைத்திருந்தார்கள், ஆனால் அவை புளிப்பு ரகங்கள். ஸ்டோக்ஸ் அமெரிக்காவிலிருந்து இனிப்பான ரெட் டெலிஷியஸ் கன்றுகளை வரவழைத்து நட்டு, ஊராருக்கும் கொடுத்தார். விடுதலைப் போராட்டத்தில் 1921இல் சிறைக்குப் போனவர், 1932இல் இந்துவாகி சத்யானந்த் என்று பெயர் வைத்துக்கொண்டவர். அவர் கட்டிய கோயில் தானேதாரில் இருக்கிறது, அவசியம் பாருங்கள். அவர் வாழ்ந்த ஹார்மனி ஹால் குடும்பத்தாரின் வீடு, கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே நுழையாதீர்கள்.

உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைப் பாதி வழியில் போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். செப்டம்பரிலும் ஹாட்டு மேலே காற்று ஊசியாய்க் குத்தும், ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் வண்டியிலேயே இருக்கட்டும். தோட்டச் சரிவுகளில் ஈரமண் வழுக்கும், செருப்பு வேண்டாம்.

கடைசியாக, வாங்குவது. பெட்டி கட்டுகிற இடத்தில் விலை நன்றாகப் படிகிறது என்று முழுப் பெட்டியாக வாங்கிவிடுவார்கள். பெட்டி இருபது கிலோ வரும், பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் சாமான் அனுமதியே பதினைந்து கிலோதான், மிச்சத்துக்குக் கட்டுகிற பணத்தில் கோயம்பேட்டிலேயே வாங்கிவிடலாம். நாலைந்து கிலோ போதும். முழுதாகப் பழுத்து வாசம் வீசுகிற பழத்தை வழியில் சாப்பிட வைத்துக்கொண்டு, ஊருக்குக் கொண்டுபோவதற்குக் கெட்டியான பழமாகக் கேட்டு வாங்குங்கள், டெலிஷியஸ் ரகம் நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் மாவாகிவிடும். ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றித் துணிகளுக்கு நடுவில் வைத்தால் அடிபடாது, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.