பழைய வட்ட மேசையா? டேப்பை எடுங்கள்

1770 வாக்கில் ஃபிலடெல்பியாவில் செய்த மகோகனி டீ மேசை என்று யாராவது ஒரு வட்ட மேசையைக் காட்டினால், மெருகைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மரம் ரேகை ஓடும் திசையில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். இருநூறு வருஷம் தாண்டிய பலகை லேசாக நீள்வட்டமாகியிருக்கும், சில மில்லிமீட்டராவது. ரேகையோடு ஒரு அளவு, குறுக்கே ஒரு அளவு எடுங்கள். இரண்டும் அச்சாக ஒன்றென்றால் சந்தேகப்படலாம்.

அப்புறம் அடிப்பக்கம் டார்ச் அடியுங்கள். வில் வில்லாகத் தடம் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தின் வேலை. அமெரிக்காவில் அது பரவலானது ஏறக்குறைய 1830-க்குப் பிறகுதான். கையால் இழைத்த பலகையென்றால் விரலை ஓட்டும்போது மெல்லிய மேடுபள்ளம் தட்டுப்படும். எனக்கென்னவோ டேப்பைவிட விரல்மேல்தான் நம்பிக்கை அதிகம். கால் பழசு, மேல்பலகை புதுசு என்ற கலப்பும் உண்டு.